கண்ணாடிக் குச்சி சொன்ன பொய்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை லவுத்தோக்கா பஸ்ஸில் வந்தது. உனக்குக் கல்யாணம் கூடி வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இதற்குப் பிறகு நான் எழுதப்போவதைப் படிக்கும்போது அது உனக்கு மறந்துபோகலாம். பெண் நல்ல குணம் என்கிறாய். அவளுடைய அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஆபீஸ் உத்தியோகம் என்கிறாய். வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு ரக்கிரக்கிக்கு வந்து நம் வீட்டைப் பார்க்கப்போகிறார்கள் என்கிறாய். வரட்டும். இதெல்லாம் உன் கடிதத்தின் முதல் பக்கம். பக்கத்தைத் திருப்பினால் இப்படி எழுதியிருக்கிறாய்: "அவர்கள் வருவதற்குள் ஆடுகளை விற்றுவிடுங்கள் அம்மா. முடியாவிட்டால் அன்றைக்கு மட்டும் கதீஜா பெரியம்மா வீட்டுக்குப் பின்னால் கட்டிவையுங்கள். அந்தப் பழைய பால் விஷயம் அவர்கள் காதில் விழ வேண்டாம்."

மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு தடவையும் ஆடுகளை விற்கச் சொன்னதற்காகத்தான் கோபப்பட்டேன். மூன்றாவது தடவை கடைசி வரியில் கண் நின்றுவிட்டது. பழைய பால் விஷயம். பன்னிரண்டு வருஷமாக நீ அதை நம்பிக்கொண்டிருக்கிறாய். உன் அம்மா பாலில் தண்ணீர் ஊற்றி விற்றவள், பிடிபட்டவள், எப்படியோ தப்பித்தவள் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இதில் உன் குற்றம் பாதி. மீதிப் பாதி என்னுடையது. என் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்க இல்லை. ஆடுகள் இங்கேதான் இருக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தமிழ்ச் சங்கத்தார் இந்த ஊரில் தமிழ் வகுப்பு ஆரம்பித்தபோது உன்னைச் சேர்த்துவிட்டு, பக்கத்தில் நானும் ஒரு சிலேட்டோடு உட்கார்ந்தேன். கல்யாணமான பொம்பளைக்கு இன்னாத்துக்குப் படிப்பு என்று சிரித்தவர்கள் உண்டு. நீ கூட வெட்கப்பட்டு இரண்டு பலகை தள்ளிப் போய் உட்கார்ந்தாய். அன்றைக்குக் கற்ற எழுத்துதான் இது. டவுனுக்குப் போனபிறகு நீ இந்தத் தீவின் மற்ற இந்தியர்களைப் போல இந்துஸ்தானியிலேயே பேசுகிறாய், நாளைக்கு உனக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இது படிக்க வருமோ வராதோ தெரியாது. உனக்கு வரும். அது போதும்.

நீ லவுத்தோக்காவில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கப் போன வருஷம் இங்கே மழை பொய்த்துவிட்டது. கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்ததால் ஆடுகளுக்குக் கரும்புத் தோகை கிடைத்தது, ஆனால் புல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேடெல்லாம் பழுப்பாகக் கிடந்தது. தோகையைத் தின்று ஆடுகள் வயிற்றை நிரப்பிக்கொண்டன, பால்தான் நீர்த்துப்போனது. காய்ச்சினால் ஆடை கட்டவில்லை. அப்போது நம் பாலை இரண்டு இடம் நம்பியிருந்தது. ஒன்று பஸ் நிறுத்தத்து டீக்கடை. இன்னொன்று பக்கத்து வீட்டு கதீஜா அக்கா. அவருக்குக் கடைசிக் குழந்தை பிறந்து, காய்ச்சலில் பால் வற்றிப்போயிருந்தது. அந்தக் குழந்தை நம் வெள்ளாட்டுப் பாலில்தான் பிழைத்துக்கொண்டிருந்தது. வாரத்துக்கு வாரம் அதன் கை கால் இளைப்பதை நான் பார்த்தேன். அக்கா பாத்திரத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எம்மா, இது ஏன் நீலமா ஓடுது?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அக்காவின் வீட்டுக்காரர் கொப்பரை ஆட்டும் சின்னச் செக்கு வைத்திருந்தார் அல்லவா? எண்ணெய்தானே உடம்பில் ஒட்டும், ஆட்டுக்கு எண்ணெய் கொடுத்தால் பாலில் கொழுப்பு ஏறாதா என்று எனக்குத் தோன்றியது. யாரையும் கேட்கவில்லை. ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து தோகை மேல் தாராளமாக ஊற்றிப் பிசறி மூன்று ஆட்டுக்கும் வைத்தேன். நாலு நாள் வைத்தேன். முதல் இரண்டு நாள் ருசியாகத் தின்றன. மூன்றாம் நாள் கழிந்தன. நாலாம் நாள் தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை, அசை போடவில்லை, பால் பாதியாகிவிட்டது. அதற்கும் மறுநாள் கருப்பி செத்துப்போனாள். நெற்றியில் வெள்ளைச் சுழி இருக்குமே, நீ தோளில் தூக்கி வளர்த்த குட்டி, அவள்தான். விஷச்செடி தின்றுவிட்டாள் என்று உன் நைனாவிடம் சொன்னேன். உனக்கும் அப்படியே எழுதினேன். விஷச்செடி இல்லை மகனே. என் அவசரம். அளவு தெரியாத கை. அந்தப் பொய்யை இத்தனை வருஷம் வைத்திருந்ததற்கு இப்போது உன்னிடம் தலை குனிகிறேன். இந்தக் கடிதத்தில் நான் தலை குனியும் இடம் இது ஒன்றுதான்.

கருப்பியைப் புதைத்துவிட்டு வந்து நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. எண்ணெய் தப்பா, அளவு தப்பா என்று தெரிந்துகொள்ளாமல் விட்டால் அவள் செத்தது வீண் என்று நினைத்தேன். இந்தத் தடவை எண்ணெயை விட்டுவிட்டுப் புண்ணாக்கை எடுத்தேன். அந்தச் செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் முழுக்க வடிந்திருக்காது, கையில் பிடித்தால் பிசுக்கென்று இருக்கும். ஒரு ஆட்டுக்கு அரைப் பிடி ஊறவைத்து, முதலில் காய்ந்த புல்லையும் தழையையும் வயிறார தின்னவிட்டுப் பிறகு வைத்தேன். ஒரு வாரம் அரைப் பிடி. சாணியைப் பார்த்தேன், அசை போடுவதைப் பார்த்தேன், அடுத்த வாரம் ஒரு பிடி. அதற்கு மேல் ஏற்றவில்லை. மூன்றாவது வாரம் காய்ச்சின பாலில் கத்தியால் வழிக்கிற மாதிரி ஆடை கட்டியது. வெண்ணெய் எடுத்து உருக்கினேன். முன்னெல்லாம் நம் நெய் இளகிக் கிடக்கும். இது வெள்ளையாக, இறுகி, கரண்டி போட்டால் சுரண்டவேண்டியிருந்தது. தேங்காயின் குணம் பாலுக்குள் நடந்து வந்திருக்கிறது என்று எனக்கு அப்போது புரிந்தது. கதீஜா அக்காவின் குழந்தைக்கு இரண்டு மாதத்தில் கன்னம் வைத்தது. அவன் இன்றைக்கு இதே ரோட்டில் கரும்பு லாரிக்குப் பின்னால் ஓடுகிறான், உனக்குத் தெரியும்.

இனி நீ கேள்விப்பட்ட கதைக்கு வருகிறேன். ஒரு உச்சி வெயிலில் புதிதாக வந்த பால் இன்ஸ்பெக்டர் டீக்கடையில் இறங்கினார். நம் இந்தியர்தான், இளவயது, வெள்ளைக் காலுறை. பால் கேனைத் திறந்து ஒரு கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டார். நல்ல பாலில் அந்தக் குச்சி நிமிர்ந்து மிதக்கும், தண்ணீர் கலந்த பாலில் ஆழமாக அமிழும், அதில் கோடு பார்த்து அளவு சொல்லிவிடுவார்கள். நம் பாலில் அது அமிழ்ந்தது. "தண்ணி" என்றார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்கக் கேனை ரோட்டில் கவிழ்த்தார். நான் அங்கே இல்லை. கேனைக் கொண்டுபோன உன் நைனா இருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டி, தப்பை ஒப்புக்கொண்டால் மூன்று மாதம் விற்கக்கூடாது என்பதோடு போய்விடும், இல்லையென்றால் கோர்ட்டு என்று சொல்லியிருக்கிறார். உன் நைனா அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு வெறுங்கேனோடு வீட்டுக்கு வந்தார்.

"நீங்க பாத்தீங்களா நான் தண்ணி ஊத்தினதை?" என்று கேட்டேன்.

"பாக்கல."

"பின்னே இன்னாத்துக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆபீசர்கிட்ட எதிர்த்துப் பேச முடியுமா? மூணு மாசம்தானே. ஓடிப்போயிடும்."

"உங்க தப்புன்னா உங்க பேரைப் போடுங்க. என் பால்ல உங்க பேரை எப்படிப் போடுவீங்க?"

அவர் கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அவரை நீ தப்பாக நினைக்காதே. அவருடைய அப்பா கிர்மிட் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து கரும்புத் தோட்டத்தில் அடி வாங்கினவர். தொப்பி போட்டவன் நீட்டுகிற தாளில் விரலை வைத்துவிட்டு உயிரோடு வீடு திரும்புவதுதான் புத்திசாலித்தனம் என்று அந்த வீட்டில் பால் குடிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு இரக்கம் வரவில்லை. மூன்று மாதம் என்பது அவருக்கு மூன்று மாதம். கதீஜா அக்காவின் குழந்தைக்கு அது எத்தனை நாள்?

மறுநாள் காலையில் மடி நிறைந்த ஆடு ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்தேன். கதீஜா அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முக்காடு போட்டுக்கொண்டு கூடவே வந்தார். "நீங்க எதுக்குக்கா?" என்றேன். "தண்ணியைக் குடிச்சு வளர்ந்த புள்ளை எப்படி இருக்கும்னு அவுங்களும் பாக்கட்டும்" என்றார். இரண்டு மைல். கரும்பு ரயிலில் போன ஆட்கள் கூவினார்கள். மேட்டு மேல் இருந்த ஆபீசின் முற்றத்தில் போய் நின்று, இன்ஸ்பெக்டரை வெளியே வரச் சொன்னேன். அவர் வந்தார். ஆட்டைப் பார்த்தார். "இது ஆபீஸ், ஆட்டுப் பட்டி இல்ல" என்று இந்துஸ்தானியில் சொன்னார். அவர் சொன்ன பாஷையிலேயே நானும் சொன்னேன்.

"உங்க பாத்திரத்தைக் கொண்டாங்க சார். நீங்களே கழுவுங்க. என் கையையும் உங்க துணியாலேயே துடைங்க. உங்க கண்ணு முன்னாலே கறக்கிறேன். அதுல குச்சியை உடுங்க."

"நேத்தே முடிஞ்சுபோச்சு. உன் வூட்டுக்காரரு ஒப்புத்துக்கினாரு."

"ஆட்டைக் கறக்கிறது அவரு இல்ல."

உள்ளேயிருந்து நாலைந்து பேர் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். அதனால் அவரால் மறுக்க முடியவில்லை. ஒரு உயரமான கண்ணாடிப் பாத்திரம் வந்தது. முழங்காலிட்டுக் கறந்தேன். ஆனால் எனக்குப் பயம் இருந்தது மகனே. ஏனென்றால் அந்தக் குச்சி எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் தண்ணீர் ஊற்றவில்லை என்பது மட்டும்தான் தெரியும். நுரை அடங்கும்வரை காத்திருந்து இன்ஸ்பெக்டர் குச்சியை விட்டார். அது அமிழ்ந்தது. டீக்கடையில் அமிழ்ந்ததைவிடவும் இரண்டு கோடு கீழே போய் நின்றது.

அவர் குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடியும் விட்டார். அதே கோடு.

"இப்ப சொல்லுங்க சார். தண்ணியை நான் எந்த வழியா உள்ளே ஊத்தினேன்?"

வராந்தாவில் ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டரின் காது சிவந்துபோனது. ஆடு ரொம்பத் தண்ணீர் குடித்திருக்கும் என்று ஏதோ முனகினார். அப்போது கால்நடைப் பிரிவில் இருந்த ஒரு பெரிய அதிகாரி படியிறங்கி வந்தார். ஆட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, வயிற்றைத் தட்டி, "என்ன தீனி போடுறே?" என்று கேட்டார். புண்ணாக்கைச் சொன்னேன். அளவைச் சொன்னேன். கருப்பி செத்ததையும் அவரிடம் சொன்னேன். என் சொந்தப் பிள்ளையிடம் மறைத்ததை முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் அந்தப் பாலில் கொஞ்சம் எடுத்து ஒரு சின்னக் குழாயில் ஊற்றி, திராவகம் சேர்த்து, ஒரு சக்கரத்தில் வைத்துச் சுற்றினார். கொழுப்பு மட்டும் பிரிந்து மஞ்சளாக மேலே வந்து நின்றது. அவர் அளவைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் குழாயைக் கொடுத்தார். எனக்கும் புரியும்படி அவர் சொன்னது இதுதான்: கொழுப்பு லேசானது, பாலில் அது அதிகமானால் பாலே கொஞ்சம் லேசாகிவிடும், குச்சி அமிழும். பால் சூடாக இருந்தாலும் அமிழும். கறந்த சூட்டில் பார்த்தாலும் சரி, உச்சி வெயிலில் பார்த்தாலும் சரி. அந்தக் குச்சிக்குக் கோடு போட்டவன் குளிர்ந்த பசும்பாலை வைத்துப் போட்டான், புண்ணாக்குத் தின்ற வெள்ளாட்டை அவன் பார்த்ததில்லை. பால் கெட்டியாக இருந்ததே அதைத் தண்ணீர்ப் பால் என்று சொல்ல வைத்துவிட்டது.

போகலாம் என்றார்கள். போகவில்லை. "என் வூட்டுக்காரரு கையெழுத்துப் போட்ட தாளு?" என்றேன். அது ஃபைலில் போய்விட்டது, இனி ஒன்றும் செய்யமாட்டார்கள், பயப்படாதே என்றார்கள். பயம் இல்லை, தாள் வேண்டும் என்றேன். ஆட்டை முற்றத்து மரத்தில் கட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்தேன். கதீஜா அக்கா குழந்தைக்கு அங்கேயே பால் புகட்டினார். மத்தியானம் தாண்டியபிறகு இன்ஸ்பெக்டரே தாளோடு வந்தார். என் கண் முன்னால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. ரோட்டில் பாலைக் கவிழ்த்தது பத்துப் பேர் பார்க்க நடந்தது, இது நாலு பேர் பார்க்க நடந்தது. அதனால்தான் அந்தக் கதை பஸ்ஸில் ஏறி லவுத்தோக்காவரை வந்தது. இந்தக் கதை மேட்டைவிட்டு இறங்கவே இல்லை. டீக்கடைக்காரர் மறுபடியும் நம் பாலை வாங்க இரண்டு மாதம் ஆனது. தண்ணிக்காரி என்று சிலர் இன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அடுத்த வாரம் உன் நைனா செக்கிலிருந்து புண்ணாக்கு மூட்டையை அவரே தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். அன்றைக்கிலிருந்து அது அவர் வேலை. உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் சொல்கிறேன்: உன் மனைவியின் வேலைக்கு, அவளுடைய பேருக்கு, அவளைக் கேட்காமல் நீ ஒருநாளும் கையெழுத்துப் போடாதே. சமாதானமாகப் போகிறது என்று நினைத்துப் போடுவாய். உனக்குத்தான் சமாதானம்.

இனி என் பாதி. நீ அந்த லீவுக்கு வந்தபோது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்தில் யாரோ உன்னைத் தண்ணிப்பால் என்று கூப்பிட்டதாக உன் சித்தப்பா எழுதியிருந்தார். என்னிடம் நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் பிள்ளை என்னை நம்புவதற்கு நான் விளக்கம் கொடுக்கவேண்டுமா என்ற திமிர் எனக்கு. ஆபீசில் முன்பின் தெரியாத நாலு பேருக்கு முன்னால் ஆட்டைக் கறந்து காட்டத் தெரிந்தது. சமையலறையில் உன்னை உட்காரவைத்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீ கேட்கவே இல்லை. வாய் மூடி இருப்பதைக் கௌரவம் என்று நான் நினைத்திருந்தேன், அது கௌரவம் இல்லை. உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் அதுகள் கேட்கும்வரை காத்திருக்காதே.

ஆனால் ஆடுகளை மறைக்கமாட்டேன். எதற்காக மறைக்கவேண்டும்? அந்தப் புண்ணாக்குப் பால் காசில்தான் நீ பரீட்சைக்குப் படித்த வருஷங்கள் ஓடின. பெண் வீட்டார் வரும்போது டீயில் அந்தப் பால்தான் இருக்கும். வாசனை பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் தருகிறேன், தனித் தம்ளரில். பழைய விஷயம் என்ன என்று அவர்கள் கேட்டால் நான் இந்தக் கடிதத்தில் எழுதினதை விட நீளமாகச் சொல்லுவேன். கேட்காவிட்டாலும் சொல்லுவேன். ஒரு தடவை சொல்லாமல் விட்டுப் பன்னிரண்டு வருஷம் போய்விட்டது.

இதுவரை எழுதிவிட்டு, நேற்றுச் சாயங்காலம் உன் கடிதத்தை உன் நைனாவுக்கு முழுதும் படித்துக்காட்டினேன். ஆடுகளைப் பற்றின இடம் வந்தபோது, நல்ல காரியம், எதுக்கு வம்பு, ஒருநாள் அக்கா வீட்டுப் பின்னால் கட்டினால் என்ன என்றுதான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவரோ "அவன் அப்படியா எழுதியிருக்கான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். இன்றைக்குக் காலையில் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தேன். கொல்லையில் இருக்கும் ஆட்டுக் கொட்டிலைப் பிரித்து, கம்பங்களை ஒவ்வொன்றாக வீட்டுக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போகிறார். பஸ் ரோட்டைப் பார்த்த பக்கத்தில், வாசலுக்கு நேராக, குழி தோண்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் ஆடுகளைத்தான் பார்க்கவேண்டும், அப்புறம்தான் எங்களை. முதுகு வலியோடு தனியாகத் தோண்டுகிறார். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வா. இன்னும் நாலு குழி பாக்கி இருக்கிறது.

உன் அம்மா